விட்டுப்போகாத நியூட்ரல்

எங்கள் பிரிவில் அவளுக்கு ‘மூணுல ரெண்டு’ என்று பெயர். வைத்தவள் நான். வேலைக்கு வந்த புதிதில் எதைக் கேட்டாலும் அதுதான் அவள் பதில். கெப்பாசிட்டரை எங்கே வைக்கலாம் என்றால் லைனில் மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில் என்பாள். எவ்வளவு பெரிதாக வைக்கலாம் என்றால் தேவையில் மூன்றில் இரண்டு பங்கு என்பாள். மதியச் சாப்பாட்டையும் அதே கணக்கில் தின்றுவிட்டு டப்பாவை என் பக்கம் தள்ளுவாள். பட்டப்பெயரைக் கேட்டு அவள் கோபித்துக்கொள்ளவில்லை. கெட்டிக்காரத்தனத்துக்குக் கிடைத்த விருதாகவே எடுத்துக்கொண்டாள். கொஞ்சம் தலைக்கனம் உண்டு. இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும்.

நான் அதே அறையில் படம் வரைகிறவள். சப்ஸ்டேஷனிலிருந்து புறப்படுகிற ஒவ்வொரு லைனும் எந்தத் தெரு வழியாகப் போகிறது, எந்தக் கம்பத்தில் என்ன தொங்குகிறது என்பதெல்லாம் என் படத்தில் இருக்கும். அவள் இன்ஜினியர். அந்தப் படத்தை வைத்துக்கொண்டு கம்ப்யூட்டரில் கணக்குப் போடுவாள். ஜன்னலோரம் அவள் மேஜை, சுவரோரம் என்னுடையது. நடுவில் ஒரு ஃபேன், நினைத்தால் சுற்றும். மின்சார அலுவலகத்து ஃபேன் அப்படித்தான் இருக்கும்.

அவள் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் அவள் செய்தது புரியாது. மோட்டார் ஓடுகிற இடத்துக்கு இரண்டு வகைக் கரண்ட் போகிறது. ஒன்று வேலை செய்கிறது. இன்னொன்று சும்மா போய்ச் சும்மா திரும்பி வருகிறது. ஆனால் அது இல்லாமல் மோட்டார் சுற்றாது. வேலைக்குப் போகிறவனுக்குத் துணையாக இன்னொருவனும் தினமும் பஸ்ஸில் ஏறி வந்து போனால் எப்படி இருக்கும், அப்படி. அவன் இடத்தை அடைத்துக்கொள்வான், பஸ் திணறும், லைனின் கடைசியில் இருக்கிற வீடுகளுக்கு வோல்ட்டேஜ் இறங்கிப்போகும். கெப்பாசிட்டர் வைப்பது என்றால் அந்தத் துணையாளைப் பட்டறைக்குப் பக்கத்திலேயே குடிவைத்துவிடுவது. பஸ் காலியாகும், வோல்ட்டேஜ் நிமிரும். எங்கே குடிவைப்பது என்பதில்தான் சாமர்த்தியம் இருக்கிறது. சப்ஸ்டேஷனை ஒட்டி வைத்தால் பிரயோஜனமில்லை. கடைக்கோடியில் கொண்டுபோய்ப் பெரிதாக வைத்தால், பட்டறைகள் மூடியிருக்கிற விடுமுறை நாளில் வோல்ட்டேஜ் அளவுக்கு மேல் ஏறிவிடும்.

அவளுடைய அக்கா குடியிருந்தது அப்படி ஒரு லைனின் கடைசியில். ஒரே அச்சில் வார்த்த மாதிரி வரிசை வீடுகள். அதைத் தாண்டினால் மரம் அறுக்கிற பட்டறைகளும் கல்லுக்குப் பாலிஷ் போடுகிற கொட்டகைகளும். அக்காவின் கணவர் எலக்ட்ரீஷியன். அந்த வரிசை முழுவதற்கும் வயரிங் செய்தது அவர்தான். அக்கா வீட்டுக்கு ஏறுகிற மாடிப்படிக்குக் கீழே எல்லா வீட்டு மீட்டர்களும் ஒரே பலகையில் இருக்கும். அங்கிருந்து கம்பிகள் பிரிந்து போவதைப் பார்த்தால் யாரோ தலைவாரிப் பின்னிவிட்ட மாதிரி இருக்கும். அவர் செய்ததிலேயே பெரிய வேலை அது. யார் வீட்டுக்கு வந்தாலும் தண்ணீர் கொடுப்பதற்கு முன்னால் அந்தப் பலகையைக் காட்டிவிடுவார்.

படித்த குடும்பத்துக்கு ஸ்குரூடிரைவர் மாப்பிள்ளை வந்திருக்கிறார் என்று அவளுடைய சொந்தக்காரர்கள் ஆரம்பத்தில் முணுமுணுத்ததுண்டு. அவர் அதைக் காதில் போட்டுக்கொண்டதில்லை. மின்சார அலுவலகத்தில் மைத்துனிக்கு வேலை கிடைத்தபோது அவளைவிட அவர்தான் அதிகம் குதித்தார். மீட்டருக்கு அந்தப் பக்கம் நீ, இந்தப் பக்கம் நான் என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். தனக்குத் தெரிந்ததையே தெரியாததுபோல் அவளிடம் சந்தேகம் கேட்பார். அவள் விளக்குவதைக் கேட்பதில் அவருக்கு அவ்வளவு ஆசை. அவளும் விளக்குவாள், குழந்தைக்குச் சொல்வதுபோல. அது எனக்குப் பிடிக்காது. சொல்லியும் இருக்கிறேன்.

ஒரு கோடையில் அக்கா போன் செய்து புலம்பினாள். ஃபேன் சுற்றுகிறதா நிற்கிறதா என்றே தெரியவில்லையாம். ஊருக்கெல்லாம் கரண்ட் கணக்குப் போடுகிறாய், கூடப்பிறந்தவள் வேகிறேனே என்றாளாம். இவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. டிரான்ஸ்ஃபார்மரில் டேப் என்று ஒன்று உண்டு; அதைப் படி ஏற்றினால் வீட்டுக்கு வருகிற வோல்ட்டேஜ் கூடும். அந்தப் பகுதி லைன்மேனைக் கூப்பிட்டு, அந்த வரிசைக்கான டிரான்ஸ்ஃபார்மரில் டேப்பைக் கடைசிப் படிக்கு ஏற்றச் சொன்னாள். வாய்வார்த்தைதான். என்னிடம் சொல்லவில்லை, என் படத்திலும் ஏறவில்லை. ஃபேன் சுற்றியது, அக்காவுக்கு உச்சி குளிர்ந்தது, இவள் மறந்துபோனாள்.

கோடை முடிந்ததும் அந்த லைனுக்கே கெப்பாசிட்டர் வைக்கிற வேலை வந்தது. மாதக்கணக்கில் உட்கார்ந்து அவள் கணக்குப் போட்டாள். தேவைக்குத் தகுந்தாற்போல் தானாகவே லைனில் சேர்ந்து விலகுகிற வகையைக் கேட்டாள். மேலிடம் கையை விரித்துவிட்டது. எப்போதும் லைனில் இருக்கிற சாதா வகைதான் கிடைத்தது. சரி, விடுமுறை நாளில் எவ்வளவு ஏறும் என்பதையும் கணக்கில் பார்த்தாள். எல்லை தாண்டவில்லை. கணக்கில் ஒரு பிசகும் கிடையாது, இன்றைக்கும் சொல்வேன். ஆனால் என் படத்தில் அந்த டிரான்ஸ்ஃபார்மரின் டேப் நடுப்படியில் இருந்தது. கம்பத்தின் மேல் அது உச்சியில் இருந்தது. அதை அறிந்த இன்ஜினியர் உலகத்தில் ஒருத்திதான், அவளும் அதை மறந்துவிட்டுத்தான் கணக்குப் போட்டாள்.

கெப்பாசிட்டர் கம்பத்தில் ஏறியதற்கு அடுத்த விடுமுறை நாளில் அக்கா வீட்டில் அவளுக்குச் சாப்பாடு. பட்டறைகள் எல்லாம் மூடியிருந்தன. சாப்பிட்டுக் கை கழுவும்போது கூடத்து பல்ப் பட்டென்று போயிற்று. பக்கத்து வீட்டில் ஃபிரிட்ஜ் உறுமிவிட்டு அடங்கியது. எதிர்வீட்டில் தைத்துப் பிழைக்கிற டெய்லரம்மாவின் மிஷின் மோட்டார் புகைந்தது. எல்லோரும் மாடிப்படிக்குக் கீழே ஓடிவந்தார்கள். வேறு எங்கே போவார்கள்? பலகை அங்கேதானே இருக்கிறது, அதைப் போட்டவர் இங்கேதானே இருக்கிறார்.

அவர் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தார். இருநூற்று முப்பது காட்டவேண்டியது இருநூற்று அறுபத்தெட்டு காட்டியது. அந்த எண்ணைப் பார்த்த மாத்திரத்தில் அவளுக்கு விளங்கிவிட்டது. கெப்பாசிட்டர், மூடின பட்டறைகள், மறந்துபோன டேப் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து நின்றன.  அத்தனை பேரும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் அவளைப் பார்த்தார்.

“என்னம்மா இவ்ளோ காட்டுது? உனக்கு ஏதாவது தெரியுதா?”

“நியூட்ரல் லூஸா இருக்கும் மாமா,” என்றாள் அவள். “போர்டுல ஜாயின்ட் எல்லாம் பாருங்க.”

நியூட்ரல் என்பது கரண்ட் திரும்பிப் போகிற கம்பி. அது பலகையில் விட்டுப்போனால் வீடுகளில் வோல்ட்டேஜ் தாறுமாறாகும், பொருள்கள் எரியும். எந்த எலக்ட்ரீஷியனைக் கேட்டாலும் முதலில் சொல்வது அதைத்தான். அதனால் பொய் மெய்யைப் போலவே இருந்தது. வாய் தானாகச் சொல்லிவிட்டது என்பாள். வாய் தானாகவெல்லாம் சொல்லாது. டெய்லரம்மாவும் மற்றவர்களும் தன்னைத் திரும்பிப் பார்ப்பதை அவளால் தாங்க முடியவில்லை, அவ்வளவுதான் விஷயம். அந்தப் பார்வை அவர்மேல் போய் இறங்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

 அவர் மெயினை அணைத்துவிட்டு, விளக்கு வைக்கிற நேரம்வரை ஒவ்வொரு நியூட்ரலாகத் திறந்து, சுரண்டி, முறுக்கி இறுக்கினார். மறுபடி போட்டபோது வோல்ட்டேஜ் இறங்கியிருந்தது. ஊரெல்லாம் விளக்கு எரிகிற நேரத்தில் அது தானாகவே இறங்கும். மறுநாள் காலையில் அவள் அதே லைன்மேனுக்கு போன் செய்து டேப்பை நடுப்படிக்குக் கொண்டுவரச் சொன்னாள், மறுபடியும் வாய்வார்த்தையாக. அடுத்த விடுமுறை நாளில் வோல்ட்டேஜ் அசையவில்லை. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாக, அவர் இறுக்கியதால்தான் சரியாயிற்று என்று வரிசையே முடிவுகட்டியது. இறுக்கியதால் சரியானது என்றால் இறுக்காமல் விட்டவர் யார்? அவரும் அப்படித்தான் நினைத்தார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது சரியாகத்தான் இருக்கிறது.

அலுவலகத்தில் அந்த லைனின் இழப்பு, அதாவது வழியிலேயே வீணாகிற கரண்ட், குறைந்துவிட்டது என்று எல்லோரும் அவளைக் கொண்டாடினார்கள். எல்லாக் கிளைகளிலிருந்தும் ஆட்கள் வருகிற ஒரு கூட்டத்தில் அவளே நின்று விளக்க வேண்டும் என்று எங்கள் அதிகாரி சொன்னார். நானும் சேர்ந்து கைதட்டினேன், ஒன்றும் தெரியாமல். அவள் மட்டும் கெப்பாசிட்டர் என்ற சொல் வந்தாலே தண்ணீர் குடிக்க எழுந்து போவாள். டப்பாவில் மூன்றில் ஒரு பங்குகூட இறங்காத நாள்களும் இருந்தன. நான் ஏதோ கல்யாணப் பேச்சு என்று நினைத்துக் கிண்டல் பண்ணிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் மதியம் அக்காவிடமிருந்து போன் வந்தது. பேசி முடித்துவிட்டு அவள் மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். நான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னாள். மாமா வேலைக்கே போவதில்லையாம். புதிய கட்டடம் ஒன்றின் வயரிங் வேலையை மேஸ்திரி வீட்டுக்கே வந்து கொடுத்தபோது, வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள், என் கையை நானே நம்பவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். வீட்டில் இருக்கிற சுவிட்ச் பலகைகளைத் திறந்து மூடி, திறந்து மூடி, திருகுகளின் தலையெல்லாம் தேய்ந்துவிட்டதாம். கிடங்கு ஒன்றில் வாட்ச்மேன் வேலை இருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறாராம். அவளை அறுத்தது அதெல்லாம்கூட இல்லை. கடைசியில் அக்கா சொன்ன வார்த்தைதான்.

“நல்லவேளை அன்னைக்கு நீ இருந்த. நீ கண்டுபிடிக்கலைன்னா இவரு வேலைக்கு யாராவது செத்தே போயிருப்பாங்க.”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அழுகிறவளைத் தட்டிக்கொடுக்கிற ஜாதி நான் இல்லை. உன் மூணுல ரெண்டு கணக்கில் அந்த மனுஷன் எங்கேடி வருகிறார் என்று கேட்டேன். வாயில் என்ன கொழுக்கட்டையா வைத்திருந்தாய் என்று கேட்டேன்.  அவள் வெட்கத்தில் காதெல்லாம் சிவந்து, புத்தகத்தைத் தொலைத்த பள்ளிக்கூடத்துப் பெண்போல உட்கார்ந்திருந்தாள். இப்போது போய்ச் சொன்னால் அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்றாள். கேட்கத்தான் செய்வார்கள், கேட்கட்டும் என்றேன்.

முதலில் அதிகாரியிடம் போனாள். அது சுலபமான பாதி. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி கேட்டுவிட்டு, டேப்தான் இறங்கிவிட்டதே, இழப்பும் குறைந்துவிட்டதே, ஆறின புண்ணை எதற்குக் கிளறுகிறாய் என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க அவருக்கு நல்ல பழக்கம். இவள் விடவில்லை, எழுதியே கொடுத்தாள். கூட்டத்தில் விளக்கவேண்டியவள் என்ற பேர் போயிற்று, விளக்கம் கேட்டு மெமோ வந்தது. எரிந்துபோன பொருள்களுக்கு அலுவலகம்தான் பதில் சொல்ல வேண்டும் என்றும் அதில் எழுதியிருந்தாள். அந்தக் காகிதம் எந்த மேஜையில் தூங்குகிறதோ தெரியாது. இதிலெல்லாம் அவளுக்குப் பெரிதாக வெட்கம் இருந்ததாகத் தெரியவில்லை. அலுவலகத்தில் தப்பு செய்தால் காரணம் எழுதலாம், தேதி போட்டுக் கையெழுத்தும் போடலாம். மாமாவிடம் என்ன எழுதுவது?

அடுத்த விடுமுறை நாளில் துணைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். பஸ்ஸில் வழியெல்லாம் சொல்லவேண்டியதை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். போய்ச் சேர்ந்தபோது அவர் மாடிப்படிக்குக் கீழே தரையில் உட்கார்ந்து, பலகையைத் திறந்து வைத்துக்கொண்டு மல்டிமீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பட்டறைகள் மூடுகிற நாளில்தான் அன்றைக்கு அப்படி ஆனது என்பது அவர் நினைவில் இருந்தது. அதனால் விடுமுறைதோறும் இப்படி உட்கார்ந்துவிடுகிறாராம். இவ்வளவு யோசித்தவர் இன்னும் ஒரு படி யோசித்திருந்தால் விஷயம் வெளியே வந்திருக்கும். மைத்துனி சொன்னதற்கு மேல் யோசிக்கக்கூடாது என்று நிறுத்திக்கொண்டுவிட்டார் போலும். ஆள் இளைத்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து, ஏதோ திருடும்போது பிடிபட்டவரைப்போல ஸ்குரூடிரைவரை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். அதைப் பார்த்ததும் அவள் பஸ்ஸில் தயார் செய்தது அத்தனையும் போயிற்று.

துணி மூட்டையோடு கீழே வந்த டெய்லரம்மாவை, இருங்கம்மா, நீங்களும் கேட்டுக்குங்க என்று நிறுத்தினாள். கோடையில் டேப்பை ஏற்றச் சொன்னது, கெப்பாசிட்டர் வைக்கும்போது அதை மறந்தது, அன்றைக்கு எண்ணைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டது, தெரிந்தும் நியூட்ரல் என்று சொன்னது, மறுநாள் திருட்டுத்தனமாக இறக்கச் சொன்னது என்று ஒன்று விடாமல் சொன்னாள். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை, அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.  டெய்லரம்மா அவளை மேலும் கீழும் ஒருமுறை பார்த்துவிட்டு மூட்டையை எடுத்துக்கொண்டு நடந்தாள். யாருடைய பார்வைக்குப் பயந்து பொய் சொன்னாளோ அந்தப் பார்வை இதுதான்.

அவர் நின்றுகொண்டே இருந்தார். திட்டப்போகிறார் என்று நான் காத்திருந்தேன். திட்ட வேண்டும் என்றுகூட நினைத்தேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்வதுபோல் நாலு கேள்வி கேட்டால் அவளுக்கும் கொஞ்சம் பாரம் இறங்கும்.

“அப்ப நியூட்ரல்?” என்றார்.

“நல்லாத்தான் இருந்துச்சு மாமா.”

“நான் டைட் பண்றதுக்கு முன்னாடியும்?”

“முன்னாடியும்.”

அவர் பலகைப் பக்கம் திரும்பி, ஒரு ஜாயின்டைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். பிறகு சிரித்தார். கோபமே இல்லாத சிரிப்பு. காணாமல் போன பிள்ளை வாசலில் வந்து நின்றால் பெற்றவர்கள் எங்கே போயிருந்தாய் என்றுகூடக் கேட்காமல் சிரிப்பார்களே, அப்படிச் சிரித்தார். கண் நிறைந்துவிட்டது. நான் அப்பவே நினைச்சேன், நான் அப்படி லூஸா விடமாட்டேனேன்னு, என்று என்னைப் பார்த்துச் சொன்னார். அதிகம் பழகாத என்னிடம் மறுபடியும் சொன்னார். அவளால் அங்கே நிற்க முடியவில்லை. மன்னிச்சிடுங்க மாமா என்று ஆரம்பித்தாள். அதெல்லாம் விடும்மா, வேலைன்னா மறக்கத்தான் செய்யும் என்று அவளுக்கே அவர் சமாதானம் சொன்னார். டேப்பை மறந்ததைத்தான் சொல்கிறார். மற்றதை அவர் தொடவே இல்லை. புரியாமல் விட்டாரா, புரிந்து விட்டாரா, எனக்கு இன்றுவரை தெரியாது.

பிறகு மாடியை நிமிர்ந்து பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

“உங்க அக்காகிட்ட மட்டும் நீயே போய்ச் சொல்லிடும்மா. நான் சொன்னா நம்பமாட்டா.”

அவள் ஒவ்வொரு படியாகக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். மேலே கதவு திறக்கிற சத்தம் கேட்டது. தங்கையைப் பார்த்த சந்தோஷத்தில் அக்காவின் குரல் கீழே நின்ற எங்கள் இரண்டு பேருக்கும் தெளிவாகக் கேட்டது.

“வாடி, நல்ல நேரத்துல வந்த. இன்னும் அந்தப் போர்டைத்தான் நோண்டிக்கிட்டிருக்காரா? தொடாதீங்கன்னு நீயாவது சொல்லு. நீ சொன்னாத்தான் கேப்பாரு.”